சாமத்தில் சலத்துக்கு எழும்புவது: சலப்பையா, இதயமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலுமாக 30 வருடத்துக்கு மேல் வார்டிலும் கிளினிக்கிலும் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோயில் வீதி, கலியாண வீடு, பஸ் என்று எங்கே கண்டாலும் ஆட்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலை அடக்கிக் கேட்கிற விசயம் இது. கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். டொக்டரைப் பார்க்காமல் விடுவதற்காக அல்ல. போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக.

இரவில் எத்தனை தடவை எழும்பினால் பிரச்சினை?

ஒரு தடவை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. 60 தாண்டியவர்களுக்கு அது சாதாரணம். இரண்டு, மூன்று தடவை என்று கிழமையில் பல நாள் நடந்தால் காரணம் தேட வேண்டும். எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சலம் முட்டித்தான் நித்திரை கலைந்ததா, அல்லது நுளம்புக்கோ நாய் குரைப்புக்கோ விழித்துவிட்டு, முழித்ததுதான் முழித்தோம் என்று போய் வந்தீர்களா? இரண்டாவது கணக்கில் வராது.

எண்ணிக்கையை விட நான் கூடுதலாகக் கவனிப்பது மாற்றத்தை. பத்து வருடமாக ஒரு தடவை எழும்புகிறவர் அப்படியே இருக்கட்டும். போன தைப்பொங்கல் வரை விடியும் மட்டும் நித்திரை கொண்டவர் இப்போது மூன்று தடவை எழும்புகிறார் என்றால் அவரைத்தான் நான் விடாமல் விசாரிப்பேன்.

"இரவில் சலம் வருவது சலப்பையால் இல்லை, இதயத்தால்தான்" என்று வட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பாதி உண்மை. எனக்கும் மூன்று குழுக்களில் வந்தது. வயது போகப் போக இதயம் பலவீனமாகும், பகலில் நீர் கீழே தேங்கும், படுத்ததும் மேலே ஏறிச் சலமாகும், ஆகவே இரவில் எழும்புகிற எல்லாருக்கும் மாரடைப்பும் பாரிசவாதமும் கிட்ட நிற்கின்றன என்று போகும் அந்தச் செய்தி. நீர் தேங்குவதும் ஏறுவதும் சரி. "எல்லாருக்கும்" என்பது பொய்.

காரணங்கள் பல இருக்கின்றன. சீனி வருத்தம், ஆண்களுக்குப் புரொஸ்டேட் (சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) வீக்கம், சலப்பை பொறுக்காமல் அவசரப்படுத்துவது, சலத்தில் கிருமி, சிறுநீரக நோய், குறட்டை, சில குளிசைகள், படுக்கும் நேரத்துத் தேத்தண்ணி. இதயமும் அதில் ஒன்று. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆட்கள் கடைசியாக நினைப்பதும் அதைத்தான். ஆண் என்றால் புரொஸ்டேட், பெண் என்றால் "பிள்ளை பெத்த உடம்பு", இரண்டு பேருக்கும் பொதுவாகச் சீனி என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதயத்துக்கும் சலத்துக்கும் அப்படி என்ன தொடுப்பு?

படுவான்கரையில் வயல் வட்டைக்குள் நாள் முழுக்க நிற்கிறவரையும், மருதமுனையில் தறிக் குழிக்குள் காலை விட்டபடி இருக்கிற நெசவாளியையும் நினைத்துக்கொள்ளுங்கள். கால் கீழே தொங்கத் தொங்க உடம்பு நீரும் கீழே இறங்கும். மெல்லிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து கணுக்காலைச் சுற்றித் தோலுக்கு அடியில் தங்கும். எல்லாருக்கும் கொஞ்சம் நடப்பதுதான். இதயம் பலமிழந்தவருக்கோ இது கூடுதல். இதயத்துக்குத் திரும்பி வருகிற இரத்தத்தை அதனால் முழுக்கத் தள்ள முடியாது, பின்னுக்குத் தேங்குகிறது. சிறுநீரகத்துக்குப் பகலில் போதிய இரத்தம் கிடைக்காததால் அதுவும் "தண்ணிப் பஞ்சம்" என்று நினைத்து உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. பகலில் சலம் குறையும், பின்னேரம் கால் பாரமாகும்.

இரவு பாயில் சரிந்ததும் காலும் நெஞ்சும் ஒரே மட்டம். வாய்க்கால் கதவைத் திறந்தது போல, காலில் நின்ற நீர் இரத்தத்துக்குள் திரும்புகிறது. ஓய்வில் இருக்கிற உடம்பு சிறுநீரகத்துக்கு இரத்தத்தைத் தாராளமாக விடுகிறது. பகலில் போகாத சலமெல்லாம் சாமத்தில் போகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. இதயம் வெறும் பம்பி மாத்திரம் என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் கன காலம் நினைத்திருந்தார்கள். 1981 இல் கனடாவில் அடோல்போ டி போல்ட் என்ற ஆய்வாளர் எலியின் இதய மேலறையை அரைத்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். அந்த எலிகள் உப்பும் சலமுமாக வெளியே விடத் தொடங்கின. இதயமே ஒரு ஹோர்மோனைச் சுரக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அதன் பெயர் ஏ.என்.பி. அதற்கு பி.என்.பி. என்று ஒரு தம்பியும் உண்டு. நீர் கூடி இதயத்தின் அறை விரிய விரிய இவை சுரந்து, "பாரம் தாங்க ஏலாது, உப்போடு சேர்த்து வெளியே விடு" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். சாமத்தில் உங்களை எழுப்புவது சில வேளை இந்தச் செய்திதான். இதயச் செயலிழப்பு இருக்கிறதா என்று பார்க்க இரத்தத்தில் பி.என்.பி.யை அளப்பதும் இதனால்தான்.

"செயலிழப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று அழுதவர்களை வார்டில் கண்டிருக்கிறேன். நின்றுவிடவில்லை. பம்பி பலம் குறைந்து ஓடுகிறது. மருந்தோடு வருடக் கணக்கில் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இதய நோய் இல்லை, பிரஷர் மட்டும்தான். எனக்கும் ஏன் இப்படி?

நல்ல நிலையில் உள்ள உடம்பில் இரத்த அழுத்தம் இரவில் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். பிரஷர் உள்ள சிலருக்கு, முக்கியமாக உப்புக் கூடச் சாப்பிடுகிறவர்களுக்கு, அந்த இறக்கம் வருவதில்லை. பகலில் வெளியேற்ற முடியாத உப்பைச் சிறுநீரகம் இரவிலும் உயர்ந்த அழுத்தத்தோடு வெளியேற்றிக்கொண்டிருக்கும். உப்புப் போகிற இடத்துக்குத் தண்ணீரும் கூடவே போகும். ஆகவே பகலில் கிளினிக்கில் பார்க்கிற பிரஷர் நல்லாக இருந்தாலும், இரவில் இரண்டு மூன்று தடவை எழும்புகிறவர் அதை டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்.

உப்பைக் குறைத்தால் இரவுச் சலம் குறையுமா?

குறையும். ஜப்பானில் நாகசாகி ஆய்வாளர்கள் 2017 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உப்புக் கூடச் சாப்பிட்டு, நித்திரையும் கெட்டிருந்த 300 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஒரு நாளுக்கு 10.7 கிராமாக இருந்த உப்பை 8 கிராமுக்குக் குறைத்த 223 பேருக்கு, இரவில் எழும்புவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 ஆக இறங்கியது. அதே ஆய்வில் உப்பைக் கூட்டிக்கொண்ட 98 பேருக்கு 2.3 என்பது 2.7 ஆனது. மருந்து மாயம் ஒன்றுமில்லை, உப்பு மட்டும்தான்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று சொல்கிறது. ஒரு தேக்கரண்டி மட்டமாக. சமையலுக்குப் போடுகிறது, தொட்டுக்கொள்கிறது, கடைச் சாமானில் ஒளிந்திருக்கிறது எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். எங்கள் சாப்பாட்டை எடுத்துப் பாருங்கள். கறியில் உப்பு, சோற்றை வடிக்கும்போதும் சிலர் உப்பு, பக்கத்தில் கருவாட்டுப் பொரியல், மாசிச் சம்பல், எலுமிச்சை ஊறுகாய். பின்னேரம் மிக்சர். கடற்கரைக்குப் போனால் உப்பும் தூளும் போட்ட மாங்காய். "நான் உப்பே சாப்பிடுறதில்ல மிஸ்" என்று சொல்லிக்கொண்டே கருவாட்டுப் பார்சலோடு கிளினிக்குக்கு வந்த ஒருவரை எனக்கு நல்லாக ஞாபகம். அவர் பொய் சொல்லவில்லை. சோற்றில் போடுகிற உப்பைத்தான் அவர் உப்பு என்று நினைத்திருந்தார்.

கருவாட்டை விடு என்று மட்டக்களப்பு ஆட்களிடம் சொல்வது வீண். நான் சொல்வதில்லை. கிழமையில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டோடு, வெந்நீரில் ஊறவிட்டு இரண்டு தடவை தண்ணீர் மாற்றிக் கழுவி. அன்றைக்கு மற்றக் கறிக்கு உப்பு வேண்டாம், புளி போதும். இரவுச் சாப்பாட்டில் ஊறுகாயும் சம்பலும் இல்லாமல் விட்டாலே இரண்டு கிழமையில் வித்தியாசம் தெரிகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

காலில் நீர் நிற்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

வெளிநாட்டுப் புத்தகங்களில் "காலுறைத் தடம் பதிகிறதா பாருங்கள்" என்று எழுதியிருப்பார்கள். நாங்கள் மேசும் சப்பாத்தும் போட்டுத் திரிகிற ஆட்களா? செருப்பைப் பாருங்கள். காலையில் லேசாகப் போட்ட செருப்பின் வார் பின்னேரம் இறுக்குகிறதா, கழற்றினால் பாதத்தின் மேல் பள்ளமாகத் தடம் நிற்கிறதா?

அதற்குப் பிறகு பெருவிரல். பின்னேரம் ஆறு மணி போல, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல், கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, பெருவிரலால் அழுத்தி 10 வரை எண்ணி எடுங்கள். விரல் இருந்த இடம் உடனே நிரம்பினால் நல்லது. குழைத்த மாவில் அழுத்தியது போலக் குழி நின்றால் நீர் இருக்கிறது. குழி விழுவதற்கு முன்னரே உடம்பில் லீற்றர் கணக்கில் நீர் சேர்ந்திருக்கலாம் என்பதால், குழி இல்லை என்பதை வைத்து மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. நிறையும் பார்க்க வேண்டும். காலையில் சலம் போய்விட்டு, சாப்பிடமுன், ஒரே தராசில். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சோற்றால் ஏறியது இல்லை.

இதை இவ்வளவு விளக்கமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு 71 வயதில் இரவில் நான்கு தடவை எழும்புவது தொடங்கியது. ஸ்கானில் புரொஸ்டேட் கொஞ்சம் பெரிது என்று வந்தது. மருந்து கொடுத்தார்கள். அந்த வயதில் ஆண்களை ஸ்கான் பண்ணினால் பெரும்பாலும் அது பெரிதாகத்தான் இருக்கும். எட்டு மாதம் அந்தக் குளிசையைக் குடித்தார், எழும்புவது குறையவில்லை. நானோ ஊரார் காலையெல்லாம் அழுத்திப் பார்க்கிறவள், வீட்டில் அப்பா கணுக்கால் வரை சாரம் கட்டிக்கொண்டு முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருப்பதை ஒவ்வொரு பின்னேரமும் பார்த்தபடி அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு நாள் அவர் கால் கழுவும்போது தண்ணீர் ஊற்றிக் கொடுக்கக் குனிந்தேன். செருப்பு வார் பதிந்த தடம் விரல் அளவு ஆழத்தில் இருந்தது.

அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். எப்படி?

மூன்று நாளைக்கு ஒரு கொப்பியும் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கும் போதும். ஒவ்வொரு தடவையும் நேரம், அளவு. என்ன குடித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கணக்கில் ஆட்கள் பிழை விடுகிற இடம் ஒன்று: படுக்கப் போகமுன் கடைசியாகப் போகிறது பகல் கணக்கு. காலையில் எழும்பியதும் முதலில் போகிறது இரவுக் கணக்கு, ஏனென்றால் அது இரவில் ஊறிய சலம்.

அப்பாவின் கொப்பியில் ஒரு நாள் இப்படி இருந்தது. பகலில் ஐந்து தடவை, எல்லாம் சேர்த்து 700 மில்லி லீற்றர். இரவு ஒன்பதரைக்குப் படுத்தார். 11.40 க்கு 300, 1.15 க்கு 250, 2.50 க்கு 300, 4.10 க்கு 200, விடிய எழும்பி 250. இரவில் மட்டும் 1,300. 24 மணித்தியாலத்தில் போன 2,000 இல் 65 சதவீதம் இரவில். வயதானவர்களுக்கு 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது கூடுதல் என்று கணக்கு. இளம் ஆட்களுக்கு 20.

இந்த எண்களில் கதை இருக்கிறது. புரொஸ்டேட்டோ சலப்பையோ காரணமாக இருந்தால் பொதுவாக 60, 80, 100 என்று சிறிது சிறிதாகத்தான் போகும். போய்விட்டு வந்தும் இன்னும் இருக்கிறது போலத் தோன்றும். ஒவ்வொரு தடவையும் ஜக் நிரம்ப 250, 300 என்று போனால் சலப்பை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, இரவில் ஏன் இவ்வளவு நீர் ஊறுகிறது என்றுதான் கேட்க வேண்டும். பகலிலும் இரவிலும் சேர்த்து மூன்று லீற்றர், நான்கு லீற்றர் என்று போனால் முதலில் சீனியைப் பாருங்கள்.

கொப்பியைப் பார்த்ததும் டொக்டர் எக்கோ (இதயத்தைப் பார்க்கிற ஸ்கான்) எடுக்க எழுதினார். இதயம் சுருங்கும் பலம் குறைந்திருந்தது. மருந்து மாற்றிய இரண்டாம் மாதம் நான்கு என்பது ஒன்றாகியது. சில நாள் இரண்டு.

பிரஷர் குளிசையால் கால் வீங்குமா?

அம்லோடிபின், நிபெடிபின் வகைக் குளிசைகளால் வீங்கும். அளவு கூடக் கூட வீக்கமும் கூடும், இரவுச் சலமும் சேர்ந்து வரலாம். அது இதயம் பழுதானதால் வந்த வீக்கம் இல்லை. ஆனால் எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டொக்டர். தயவு செய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தி ஒரு கிழமையில் பாரிசவாதத்தோடு வந்தவரை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். வேறு குளிசைக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். அதற்கு வழி இருக்கிறது.

சலம் போகிற குளிசையை எத்தனை மணிக்குக் குடிப்பது?

காலையில். இரண்டு வேளை தந்திருந்தால் இரண்டாவதைப் பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குள். சலக் குளிசைகளில் ஒன்றான புரூசமைட் குடித்த ஒரு மணித்தியாலத்தில் வேலை தொடங்கும், கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் நிற்கும். அதன் பழைய வியாபாரப் பெயர் லாசிக்ஸ் வந்ததே "ஆறு மணித்தியாலம் நிற்கும்" என்ற ஆங்கிலச் சொற்களைச் சுருக்கித்தான் என்பார்கள்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல். மண்டூர்ப் பக்கமிருந்து குருமண்வெளித் துறையால் வருகிறவர்கள், கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் வருகிறவர்கள், கிளினிக் நாளன்று காலையில் அந்தக் குளிசையைக் குடிப்பதில்லை. வழியில் எங்கே இறங்குவது? பெண்கள் என்றால் சொல்லவே வேண்டாம். அது நியாயமான பயம், நான் ஏச மாட்டேன். பிழை நடப்பது அதற்குப் பிறகு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து, ஐந்து ஆறு மணிக்கு ஞாபகம் வந்து குடிப்பார்கள். அன்றிரவு கக்கூசிலேயே விடியும். மறுநாள் "குளிசை சரியில்ல" என்று நிறுத்திவிடுவார்கள். கிளினிக் நாளில் வீடு திரும்பியதும், மூன்று மணிக்கு முந்தியென்றால், குடியுங்கள். அதைவிடப் பிந்தினால் என்ன செய்வது என்று முந்திய கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். இதயம் நல்லாகப் பலவீனமானவர்கள் ஒரு நாள் அளவைக்கூட விட முடியாமல் இருக்கலாம்.

எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் என்ற புதுக் குளிசைகள் சீனிக்கும் இதயத்துக்கும் தருகிறார்கள். நல்ல மருந்து. அவையும் சலத்தைக் கூட்டும், காலையில் குடிப்பது நல்லது.

அப்போ தண்ணியைக் குறைச்சா சரிதானே?

நாள் முழுக்கக் குறைத்தால் சரியில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் வட்டையில் நிற்கிறவர் தண்ணீரை விட்டால் சிறுநீரகம்தான் வாங்கிக் கட்டும். நேரத்தை மாற்றுங்கள். காலையிலும் மத்தியானமும் தாராளமாக, பொழுதுபட்ட பிறகு தாகத்துக்கு மட்டும், படுக்க இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தலாம். இரவுத் தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். இரவில் வத்தகப்பழமும் வேண்டாம், அது தட்டில் வைத்த தண்ணீர். இதயச் செயலிழப்பு என்று சொல்லப்பட்டவர்களுக்கு டொக்டர் ஒரு நாள் அளவு சொல்லியிருப்பார், அவர்கள் அதன்படிதான்.

இளநீர் குடிக்கிறவர்கள் கவனம். அதில் பொட்டாசியம் கூடுதல். சிறுநீரகம் பழுதானவர்கள், பிரஷருக்கும் இதயத்துக்கும் தருகிற ஸ்பைரோனோலக்டோன், லொசார்டான், எனலாபிரில் குடிக்கிறவர்கள் தினமும் செவ்விளநீர் என்று வைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும்.

நோன்பு காலத்தில் வாப்பா இரவில் ஐந்து தடவை எழும்புகிறார். பயப்பட வேண்டுமா?

நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரைக்கும்தானே குடிக்கிறார். இரவில் குடித்தது இரவில் போகும். றமழான் முடிந்ததும் பழைய நிலைக்கு வந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் சலக் குளிசை குடிக்கிற இதய நோயாளி நோன்பு பிடிப்பதென்றால், தலைப்பிறைக்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் பேசி நேரத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும்.

பின்னேரத்தில் காலை உயர்த்தி வைத்தால் பலன் உண்டா?

உண்டு, அதுவும் செலவில்லாத பலன். மூன்று நான்கு மணி போல ஒரு மணித்தியாலம், காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துச் சரிந்திருங்கள். சாமத்தில் திரும்ப வேண்டிய நீர் அப்போதே திரும்பி, படுக்கமுன் சலமாகப் போய்விடும். இறுக்குக் காலுறையும் உதவும். சீனி வருத்தத்தால் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் கேட்காமல் போடக் கூடாது. சரிந்தால் மூச்சு முட்டுகிறவர்கள் இந்தப் பரீட்சையெல்லாம் செய்ய வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குறட்டைக்கும் இதற்கும் என்ன?

பலர் நம்ப மறுக்கிற தொடுப்பு இது. குறட்டை விட்டுக்கொண்டே இருந்து, சட்டென்று மூச்சு நின்று, மறுகா "கர்ர்" என்று திமிறி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடைபட்ட தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்கி, இதயத்தின் மேலறை இழுபட்டு விரிகிறது. எலியின் கதை ஞாபகம் இருக்கிறதா? அறை விரிந்தால் ஏ.என்.பி. சுரக்கும், சலம் ஊறும். ஆள் எழும்பிப் போய்விட்டு, சலம்தான் எழுப்பியது என்று நினைப்பார். இது பிரஷரையும் ஏற்றும், இதயத் துடிப்பையும் ஒழுங்கில்லாமல் ஆக்கும். குறட்டையைப் பற்றி நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை. மனைவியைக் கேட்க வேண்டும்.

எழும்பும்போது மூன்றரை நிமிடம் பொறுக்காவிட்டால் இதயம் நின்றுவிடுமாமே?

இதுவும் வட்ஸ்அப் சரக்கு. மூன்றரை என்ற கணக்குக்கு ஆதாரம் ஒன்றுமில்லை. ஆனால் சடாரென்று எழும்ப வேண்டாம் என்பது நல்ல புத்தி. பிரஷர் குளிசை, புரொஸ்டேட்டுக்குக் குடிக்கிற பிரசோசின், டம்சுலோசின் எல்லாம் எழும்பும்போது இரத்த அழுத்தத்தை இறக்கும். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்து, தலை சுற்றவில்லை என்று பார்த்து எழும்புங்கள். ஆண்கள் நின்றுகொண்டு சலம் கழிக்கும்போது மயங்கி விழுவதும் உண்டு, ஆகவே இரவில் குந்தியிருந்து போங்கள்.

எங்கள் ஊர்களில் கக்கூசு வளவின் மூலையில். மாரி மழையில் வழுக்கும் முற்றம், பாம்பு, இருட்டு. இதயத்தால் சாகாதவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுவார். வயதானவர் இருக்கிற வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் சலப் போத்தலோ மூடியுள்ள வாளியோ வைப்பதில் ஒரு குறைவும் இல்லை.

படுக்கமுன் ஒரு கிளாஸ் தண்ணீர் மாரடைப்பைத் தடுக்குமா?

தடுக்காது. எழுப்பும்.

நீர்முள்ளி, நெருஞ்சில் அவித்துக் குடிக்கலாமா?

இரண்டும் சலத்தைக் கூட்டுகிற மூலிகைகள். இரவில் குடித்தால் இரவில்தான் போகும். ஆஸ்பத்திரியில் தந்த சலக் குளிசையோடு சேர்த்துக் குடிப்பதென்றால் டொக்டருக்குச் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மறைக்க வேண்டாம், ஒருவரும் அடிக்க மாட்டார்கள்.

இரவுச் சலத்தை நிறுத்த ஒரு குளிசை இருக்கிறதாமே?

டெஸ்மோபிரசின். சிலருக்குத் தருவார்கள். இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கக் கூடியது, இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஆகாது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பினான் என்று எடுத்துப் போடுகிற மருந்து இல்லை.

எந்த நேரத்தில் விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது?

படுத்தால் மூச்சு முட்டி எழும்பி இருக்கிறார், ஒரு தலையணை மூன்றாகிவிட்டது, சாமத்தில் மூச்சுத் திணறி யன்னலுக்கு ஓடுகிறார், நெஞ்சு நோ, வியர்வை, மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோ தேடி நேரத்தை விட வேண்டாம். சலத்தில் இரத்தம், காய்ச்சலோடு சலக்கடுப்பு, சலம் அடியோடு நின்றுபோவது ஆகியவையும் அதே நாளில் காட்ட வேண்டியவை.

என்ன பரிசோதனை, எங்கே?

தொடக்கம் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஓ.பி.டி.தான். களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று எங்கென்றாலும் பிரஷர், சீனி, சலப் பரிசோதனை, சிறுநீரகத்தைப் பார்க்கிற கிரியேட்டினின், ஈசிஜி இவற்றிலிருந்து தொடங்கலாம். சந்தேகம் இருந்தால் எக்கோவுக்கு மேலே அனுப்புவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இதய நோய்ப் பிரிவு இருக்கிறது. ஆண்களுக்குப் புரொஸ்டேட் ஸ்கானும் சேரும். ஒன்று இருக்கிறது என்பதால் மற்றது இல்லை என்று ஆகாது. எங்கள் அப்பாவுக்கு இரண்டுமே இருந்தன.

மாமா டொக்டரிடம் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார். மருமகள் நான் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம், எழுதுங்கள். ஒரு துண்டில் நான்கு வரி: இரவில் எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு, பின்னேரம் செருப்புத் தடம் பதிகிறதா, எத்தனை தலையணை. துண்டைக் கிளினிக் கொப்பியின் அன்றைய பக்கத்தில், டொக்டர் பேனை வைக்கிற இடத்தில் குத்திவிடுங்கள். அதைத் தள்ளாமல் அவரால் எழுத முடியாது. மிச்சத்தை அவரே மாமாவிடம் கேட்பார்.